ஆறும் காயமும் அடைபடும் தமனியும்

நுழையும்முன்

உடைந்த கரையை ஊரார் ஒன்றுகூடி அடைப்பது போல, சிதைந்த தமனிச் சுவரை உடலின் செல்கள் ஒன்றுகூடிச் செப்பனிடுகின்றன. பணியைத் தொடங்குக என்பதும் செல்கள் பரிமாறிக்கொள்ளும் செய்தியே. பணியை நிறுத்துக என்பதும் அத்தகைய செய்தியே. முன்னது ஓங்கிப் பின்னது ஒடுங்கினால், காயத்தை ஆற்ற வந்த செயலே குருதியின் வழியை அடைத்துவிடும். அந்த விந்தையையும், அதற்கு அறிவியல் கண்ட விடையையும் விளக்குவது இப்பாடம்.

வாய்க்காலும் தமனியும்

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் நெடுஞ்சாலையில், நாகமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் நாகமலை புதுக்கோட்டை. நீண்டு கிடக்கும் நாகத்தைப் போன்ற தோற்றத்தால் அம்மலை இப்பெயர் பெற்றது. ஊரை அடுத்துள்ள பல்கலை நகரில், 1966ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம் உள்ளது. உயிரினங்களின் செல்லையும் மரபணுவையும் ஆராயும் துறைகள் அங்கு இயங்குகின்றன. அவ்வளாகத்தைச் சூழ்ந்த சமவெளியோ, வைகை நீரையும் மழைநீரையும் கண்மாய்களில் தேக்கி, வாய்க்கால்களின் வழியே வயலுக்குக் கொண்டுசென்ற நெடிய மரபை உடையது.

வாய்க்காலின் கரை உடைந்தால் மண்வெட்டியுடன் ஊரே திரளும். மண் கொட்டி, மிதித்து, கரையை உயர்த்துவர். இத்தகைய கூட்டுப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். கரை கட்டிமுடிந்ததும், போதும் என்று சொல்ல அங்கு ஒருவர் இருப்பார். அவ்வாறு சொல்பவர் எவரும் இல்லை எனக் கொள்வோம். கொட்டிய மண் கரையைத் தாண்டி வாய்க்காலின் உள்ளே சரியும். நீரோடும் அகலம் குறையும். கடைமடை வயல் காயும். கரையைக் காக்க எடுத்த முயற்சியே நீரின் வழியை மறித்துவிடும். காயமுற்ற தமனியில் நிகழ்வதும் இதுவே.

மூவடுக்குச் சுவர்

இதயத்திலிருந்து உடலின் பிற பகுதிகளுக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் தமனி. அதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. குருதியைத் தொட்டு நிற்பது அகவுறை. அதன் உட்பரப்பில், ஒற்றை வரிசையில் பதித்த ஓடுகளைப் போல, எண்டோதீலியச் செல்கள் படர்ந்துள்ளன. அதற்கு வெளியே, மென்தசைச் செல்கள் வளையம் வளையமாக அடுக்கப்பட்ட நடுவுறை இருக்கிறது. சுருங்கியும் விரிந்தும் குருதி அழுத்தத்தை ஈடுசெய்வது இவ்வடுக்கே. இணைப்புத் திசுவால் ஆன புறவுறை இவ்விரண்டையும் போர்த்தி நிற்கிறது.

இம்மூன்றனுள் மிக மெல்லியது எண்டோதீலியம். ஆயினும், சுவரின் ஒழுங்கைக் காப்பதில் அதன் பங்கு பெரிது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை இடையறாது சுரக்கிறது. அவ்வாயு நடுவுறைக்குள் பரவி, மென்தசைச் செல்களைத் தளர்ந்திருக்கவும் பெருகாமல் அடங்கியிருக்கவும் பணிக்கிறது. குருதியின் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமலும் தடுக்கிறது. குருதிக்குழாயின் செயல்பாட்டில் நைட்ரிக் ஆக்சைடு ஒரு செய்தி மூலக்கூறாகப் பணியாற்றுவதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காயம் எவ்வாறு நேர்கிறது?

இதயத் தசைக்குக் குருதி தரும் கரோனரித் தமனியில் கொழுப்பும் நார்ப்பொருளும் படிந்து அடைப்பு உண்டாவதைப் பலரும் அறிவர். இவ்வடைப்பை அறுவையின்றி நீக்கும் வழியை 1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் செய்து காட்டினார். மெல்லிய ஊடுகுழாயின் நுனியில் சிறிய பலூனைப் பொருத்தி, அதனை அடைப்புள்ள இடத்திற்குச் செலுத்தி விரித்தார். அடைப்பு நசுங்கி, குருதி மீண்டும் ஓடியது. ஆஞ்சியோபிளாஸ்டி என்று இன்று வழங்கும் மருத்துவம் இதுவே.

அந்த முதல் நோயாளியின் தமனி பல்லாண்டுகளுக்குப் பின்னும் திறந்தே இருந்தது. ஆனால், பின்வந்தோர் அனைவருக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பலூன் மருத்துவம் மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, ஆறு மாதங்களுக்குள் அதே இடத்தில் தமனி மீண்டும் குறுகியது. அடைப்பை நீக்கிய பலூனே ஒரு காயத்தையும் உண்டாக்குகிறது என்பதே இதன் காரணம். வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்துடன் பலூன் விரியும்போது எண்டோதீலியம் உரிந்துபோகிறது. நடுவுறையும் ஆங்காங்கே கிழிகிறது.

தெரிந்து தெளிவோம்

குழாயின் ஆரம் சற்றே குறைந்தாலும் அதில் ஓடும் நீர்மத்தின் அளவு பெரிதும் குறையும். சீரான ஓட்டத்தில், பிற காரணிகள் மாறாதிருப்பின், ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அகவுறை தடிப்பது மில்லிமீட்டரின் ஒரு பகுதியே ஆயினும், அது இதயத்துக்குப் பெருஞ்சுமையாவது இதனால்தான்.

தட்டணுக்களின் அறைகூவல்

எண்டோதீலியம் உரிந்த இடத்தில் அடியிலுள்ள கொலாஜன் இழைகள் குருதியில் வெளிப்படுகின்றன. சில நிமிடங்களுக்குள் தட்டணுக்கள் அங்கு வந்து ஒட்டிக்கொள்கின்றன. குருதி கசியாமல் அடைப்பது அவற்றின் முதற்பணி. தம்முள் சேமித்து வைத்திருக்கும் வேதிப்பொருள்களை வெளியிட்டுப் பிற செல்களை உதவிக்கு அழைப்பது இரண்டாம் பணி.

இந்த அழைப்பின் தன்மையை 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் ரசல் ராஸ் குழுவினர் எளிய ஆய்வு ஒன்றால் வெளிப்படுத்தினர். ஆய்வகத்தில் வளர்த்த மென்தசைச் செல்களுக்கு, உறைந்த குருதியிலிருந்து பெற்ற சீரத்தை ஊட்டியபோது அவை விரைந்து பெருகின. தட்டணுக்களை முன்பே நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து பெற்ற சீரத்தை ஊட்டியபோது அவ்வாறு பெருகவில்லை. ஆகவே, பெருகத் தூண்டும் பொருள் தட்டணுக்களிலிருந்து வருகிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்குத் தட்டணுவழி வளர்ச்சிக் காரணி என்று பெயர் வழங்கலாயிற்று. தமனி தடிப்பதைக் காயத்திற்கு உடல் காட்டும் எதிர்வினையாகக் காணும் கொள்கைக்கு இவ்வாய்வு வலுவூட்டியது.

செல்லுக்குள் செல்லும் செய்தி

வளர்ச்சிக் காரணி ஒரு புரதம். அதனால் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே புக இயலாது. வாயிலில் நிற்கும் தூதன் காவலனிடம் ஓலையைக் கொடுக்க, அது கைம்மாறிக் கைம்மாறி அரசவையை அடைவதைப் போல, காரணி வெளியிலேயே நிற்க, அதன் செய்தி மட்டுமே உட்கருவை அடைகிறது. இந்த வழியே செல் சமிக்ஞைப் பாதை எனப்படுகிறது.

மென்தசைச் செல்லின் சவ்வில் இக்காரணிக்கெனத் தனி ஏற்பிகள் உண்டு. காரணி வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. இணைந்தவை ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் தொகுதிகளை ஏற்றுகின்றன. பாஸ்பேட் ஏறுவது விளக்கை ஏற்றுவது போன்றது. அணைந்திருந்த புரதம் செயலுக்கு வருகிறது. புரதங்களின்மீது பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளுக்குக் கைனேஸ்கள் என்று பெயர். அதை இறக்கும் நொதிகளும் உண்டு. அவை விளக்கை அணைக்கின்றன.

ஏற்பியிலிருந்து செய்தி பல கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் இரண்டு முதன்மையானவை.

முதற்கிளையில், சவ்வின் உட்புறத்தில் உள்ள ராஸ் என்னும் புரதம் விழித்தெழுகிறது. அது ராஃப் என்னும் கைனேஸைத் தூண்டுகிறது. ராஃப், மெக் என்னும் கைனேஸையும், மெக், எர்க் என்னும் கைனேஸையும் செயற்படுத்துகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு மூலக்கூறு பல மூலக்கூறுகளைத் தூண்டுவதால் சிறு செய்தி பெருங்குரலாகிறது. இறுதியில் எர்க் உட்கருவுக்குள் நுழைந்து, செல் பிரிவதற்கு வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது.

இரண்டாம் கிளையில், சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளை மாற்றும் ஒரு கைனேஸ், ஏகேடி என்னும் புரதத்தையும், அதன் வழியே எம்டார் என்னும் கைனேஸையும் தூண்டுகிறது. உணவு உண்டா, ஆற்றல் உண்டா, வளரும்படி கட்டளை உண்டா என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுப் புரத ஆக்கத்தைப் பெருக்கும் கண்காணிப்பாளர் எம்டார். அமைதியாக இருக்கும் மென்தசைச் செல்லில் பி27 என்னும் புரதம் செல் பிரிதலைத் தடுத்து நிற்கிறது. எம்டார் விழித்தால் பி27இன் அளவு குறைகிறது, தடை விலகுகிறது, செல் தன் டி.என்.ஏவைப் படியெடுக்கும் நிலைக்குள் நுழைகிறது. இந்தப் பி27, எம்டார் ஆகிய இரண்டும் பின்னர் மருத்துவத்திற்கே வழிகாட்டின.

குடிபெயரும் செல்கள்

நலமான தமனியில் மென்தசைச் செல்லின் தொழில் சுருங்குவது. செய்தி கிட்டியதும் அது தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. சுருங்க உதவும் இழைகள் குறைகின்றன. புரதம் ஆக்கும் உறுப்புகள் பெருகுகின்றன. காவலுக்கு நின்றவர் கட்டுமானப் பணிக்குச் செல்வதைப் போன்றது இம்மாற்றம்.

எலியின் கழுத்துத் தமனியில் செய்த ஆய்வுகள் இந்நிகழ்வின் காலவரிசையைத் தெளிவாக்கின. காயமுற்ற ஓரிரு நாள்களில் நடுவுறையின் செல்கள் பிரியத் தொடங்குகின்றன. நான்காம் நாள் அளவில் அவை, தம்மைச் சூழ்ந்த வலைப்பின்னலை நொதிகளால் கரைத்து, அகவுறைக்குள் குடிபெயர்கின்றன. அடுத்த சில கிழமைகள் அங்கேயே பெருகுகின்றன. பின்னர்ப் பெருக்கம் தணிந்தாலும், அவை சுரக்கும் கொலாஜன் முதலான பொருள்களால் அடுக்கு தடித்துக்கொண்டே செல்கிறது. மனிதரில் இதே நிகழ்வு மாதக்கணக்கில் நீள்கிறது. இவ்வாறு புதிதாக உருவாகும் அடுக்குப் புத்தகவுறை எனப்படும்.

வேறு செய்திகளும் இதனுடன் சேர்கின்றன. அழற்சியைத் தூண்டும் பாதை வெள்ளணுக்களைக் காயத்திற்கு அழைத்து வருகிறது. அவையும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. மற்றொரு காரணி, ஸ்மாட் என்னும் புரதங்களின் வழியே கொலாஜன் ஆக்கத்தைப் பெருக்குகிறது. குருதி அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சினும் மென்தசைச் செல்களை வளரத் தூண்டுகிறது.

போதும் என்னும் குரல்

இத்தனை குரல்களையும் அடக்கும் எதிர்க்குரல் ஒன்று உண்டு. அதுவே எண்டோதீலியத்தின் நைட்ரிக் ஆக்சைடு. காயத்தின் ஓரங்களில் எஞ்சிய எண்டோதீலியச் செல்கள் பிரிந்து பரவி உரிந்த பரப்பை மீண்டும் மூடும்போது, அக்குரல் திரும்ப ஒலிக்கிறது. மென்தசைச் செல்கள் அடங்குகின்றன. ஆகவே, தமனி குறுகுமா, குறுகாதா என்பது ஒரு பந்தயத்தைப் பொறுத்தது. எண்டோதீலியம் விரைந்து மூடினால் தமனி பிழைக்கும். மென்தசைச் செல்கள் முந்திக்கொண்டால் வழி அடையும்.

நீரிழிவு நோயாளருக்கு இப்பந்தயம் சாதகமாக அமைவதில்லை. மிகுந்த சர்க்கரை எண்டோதீலியத்தை நலியச் செய்து நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது, அழற்சியையும் கூட்டுகிறது. அவர்களுக்குத் தமனி மீண்டும் குறுகும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. நீரிழிவு பரவலாகக் காணப்படும் தமிழகத்தில் இது கருதத்தக்கது. புகைபிடித்தலும் எண்டோதீலியத்திற்கு ஊறு விளைவிக்கும்.

தீவின் மண்ணில் கிடைத்த விடை

பலூன் சுருங்கியபின் தமனி மீள்தன்மையால் தளர்ந்து குறுகுவதைத் தடுக்க, உலோகக் கம்பி வலையாலான ஸ்டென்ட் என்னும் தாங்கி 1986இல் மனிதரின் கரோனரித் தமனியில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. சுவர் தளர்வதை அது தடுத்தது. ஆனால் செல்கள் பெருகுவதைத் தடுக்கவில்லை. கம்பி வலையின் இடைவெளிகளின் ஊடே புத்தகவுறை வளர்ந்தது. நான்கில் அல்லது ஐந்தில் ஒருவருக்குத் தமனி மீண்டும் குறுகியது. பொறியியல் மட்டும் போதாது. செய்தியையே இடைமறிக்க வேண்டும் என்பது புலனாயிற்று.

அதற்கான பொருள் வேறொரு நோக்கில் முன்பே கண்டறியப்பட்டிருந்தது. 1964இல் கனடா நாட்டு ஆய்வுக்குழு ஒன்று பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் மாதிரிகளைத் திரட்டியது. மாண்ட்ரியல் நகரின் ஏயர்ஸ்ட் ஆய்வகத்தில் அம்மண்ணின் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பூஞ்சையை அழிக்கும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அத்தீவின் மண்ணின் மக்கள் வழங்கும் ராப்பா நூயி என்னும் பெயரை ஒட்டி, அப்பொருள் ராப்பாமைசின் எனப்பட்டது. 1975இல் அதனை உலகுக்கு அறிவித்த ஆய்வுக்குழுவில் முதன்மையானவர் சுரேந்திரநாத் சேகல். பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்து, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்று, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர்.

அப்பொருள் நோய் எதிர்ப்பாற்றலை ஒடுக்குவதையும், செல் பெருக்கத்தைத் தடுப்பதையும் சேகல் கண்டார். ஆயினும் 1980களின் தொடக்கத்தில் மாண்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டபோது ஆய்வு கைவிடப்பட்டது. சேகல் நுண்ணுயிரின் மாதிரியை அழியவிடவில்லை. தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காத்து, புதிய பணியிடத்திற்கு இடம்பெயர்ந்தபோதும் உடன் கொண்டு சென்றார். நிறுவனத்தின் தலைமை மாறியபின் ஆய்வைத் தொடருமாறு வலியுறுத்தி வென்றார். 1999இல் அமெரிக்க அரசு அம்மருந்தைச் சிறுநீரக மாற்று நோயாளருக்கு வழங்க ஒப்புதல் அளித்தது.

மருந்து எவ்வாறு செயற்படுகிறது என்பதைத் தேடிய ஆய்வாளர்கள் 1991இல் ஈஸ்ட்டில் அதன் இலக்குப் புரதத்தை அடையாளம் கண்டனர். அதன் பெயரே மருந்தின் பெயரால் அமைந்தது; ராப்பாமைசினின் இலக்கு என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே டார். பாலூட்டிகளில் உள்ள அதன் இணை, முன்னர்க் கண்ட எம்டார். ராப்பாமைசின் செல்லுக்குள் ஒரு சிறு புரதத்துடன் இணைந்து எம்டாரின் செயலை முடக்குகிறது. 1990களில் நடந்த ஆய்வுகள், இம்மருந்து மென்தசைச் செல்களில் பி27 குறையாமல் காத்து அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதையும், குடிபெயர்வைத் தளர்த்துவதையும் காட்டின.

எனவே, இம்மருந்தைப் பூசிய ஸ்டென்ட் உருவாக்கப்பட்டது. அது 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் மனிதருக்கு முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. பூச்சிலிருந்து மருந்து கிழமைக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிந்து, காயத்தின் இடத்திலேயே செய்தியை இடைமறித்தது. தமனி மீண்டும் குறுகுதல் பத்தில் ஒருவருக்கும் கீழாகக் குறைந்தது. இந்த ஸ்டென்டுக்கு 2003 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், அவ்வாண்டு சனவரியில் சேகல் மறைந்தார்.

மருந்தின் மறுபக்கம்

இடைமறிக்கும் மருந்து ஆள் பார்த்து இடைமறிப்பதில்லை. மென்தசைச் செல்லில் உள்ள எம்டார் எண்டோதீலியச் செல்லிலும் உண்டு. எனவே, பகையை அடக்கிய மருந்து நட்பையும் தாமதப்படுத்துகிறது. உரிந்த பரப்பு மூடுவதற்கு நாள் மிகுதியாகிறது. மூடப்படாத உலோகத்தின்மீது தட்டணுக்கள் திரண்டு குருதிக்கட்டி உருவாகும் இடர் உண்டு. அவ்விடர் அரிதாயினும் உயிர்க்கு ஊறு செய்வது. இதனால்தான் ஸ்டென்ட் பொருத்தப்பட்டோர் ஆஸ்பிரினையும், அதனுடன் தட்டணுக்களை அடக்கும் மற்றொரு மாத்திரையையும் பல மாதங்கள் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என மருத்துவர் வலியுறுத்துகின்றனர். வலி நீங்கியது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது பெருந்தவறு. மருத்துவர் அறிவுரையின் பின்னே இருப்பது, இன்னும் மூடப்படாத ஒற்றை வரிசைச் செல்களின் நிலை.

இக்குறையை நீக்கவே மெல்லிய கம்பிகளும், உடலோடு ஒத்துப்போகும் பூச்சுகளும் கொண்ட புதிய ஸ்டென்டுகள் பின்னர் வந்தன. மென்தசைச் செல்லை மட்டும் அடக்கி எண்டோதீலியத்தை வளரவிடும் மருந்தைத் தேடும் பணியும் தொடர்கிறது.

மக்களுக்கு எட்டும் மருத்துவம்

ஒரு மருத்துவம் கண்டறியப்படுவது ஒரு படி. அது எளியோரைச் சென்றடைவது மற்றொரு படி. 2017 பிப்ரவரியில் இந்தியாவின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. வெற்று உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசியவற்றுக்கு 29,600 ரூபாயும், வரி நீங்கலாக, அன்று வரையறுக்கப்பட்டன. அதற்குமுன் மருந்து பூசிய ஸ்டென்டுகள் இலட்சம் ரூபாயைத் தாண்டியும் விற்கப்பட்டன. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இம்மருத்துவத்தைக் கட்டணமின்றிப் பெறும் வாய்ப்பும் உள்ளது. நாகமலை புதுக்கோட்டை போன்ற புறநகர் ஊர்களின் மக்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அருகிலேயே அமைந்துள்ளது.

குருதியின் வழி காக்க

உடல் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் வியக்கத்தக்கது. ஆனால் அவ்வாற்றல் அளவோடு நிற்கும்போதே நன்மை தருகிறது. தட்டணுவின் அழைப்பும், கைனேஸ்களின் கைம்மாற்றும், மென்தசைச் செல்லின் உழைப்பும் தீமை செய்ய எழுந்தவை அல்ல. தோலில் பட்ட காயத்தை ஆற்றுவனவும் இவையொத்த செயல்களே. தமனி என்னும் குறுகிய குழாய்க்குள், நிறுத்தச் சொல்லும் குரல் ஓய்ந்த பொழுதில் நிகழ்வதால் அவை ஊறு செய்கின்றன. எந்தச் செய்தியை, எந்த இடத்தில், எவ்வளவு காலம் இடைமறிப்பது என்னும் அறிவே இன்றைய மருத்துவத்தின் ஆற்றல். குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, புகையைத் தவிர்த்து, நாள்தோறும் நடந்து, எண்டோதீலியத்தை நலமுடன் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.

கலைச்சொல் அறிவோம்

அகவுறை – தமனிச் சுவரின் உள்ளடுக்கு
ஏற்பி – செய்தி மூலக்கூறு வந்து பொருந்தும் புரதம்
கைனேஸ் – பாஸ்பேட் தொகுதியை ஏற்றும் நொதி
செல் சமிக்ஞைப் பாதை – செல்லின் வெளியிலிருந்து உள்ளே செய்தி கைம்மாறும் வழி
புத்தகவுறை – காயத்திற்குப்பின் அகவுறையில் புதிதாக வளரும் அடுக்கு

கற்பவை கற்றபின்

1. தமனியின் மூவடுக்குச் சுவரைப் படமாக வரைந்து, ஒவ்வோர் அடுக்கின் பணியையும் வகுப்பறையில் விளக்குக.
2. குடிமராமத்துப் பணி குறித்து உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதனைக் காயம் ஆறும் நிகழ்வோடு ஒப்பிட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.
3. ‘கைவிடப்பட்ட ஆய்வும் காத்திருந்த அறிஞரும்’ என்னும் தலைப்பில் சுரேந்திரநாத் சேகலைப் பற்றி உரையாற்றுக.

சிந்தனை வினாக்கள்

1. தட்டணுக்களிலிருந்தே வளர்ச்சிக் காரணி வருகிறது என்பதை ரசல் ராஸ் குழுவினர் எவ்வாறு நிறுவினர்?
2. உலோக ஸ்டென்ட் ஒரு சிக்கலைத் தீர்த்து மற்றொன்றைத் தீர்க்காமல் விட்டதை விளக்குக.
3. மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்றவர் மாத்திரைகளைத் தாமே நிறுத்தக் கூடாது என்பதற்கான அறிவியல் காரணத்தைத் தெளிவுபடுத்துக.